புளி போட்டுத் துலக்கிய சீவுளி

மரம் இழைக்கிற சீவுளியைத் தள்ளித் தள்ளியே பிழைப்பு நடத்தியவன் நான். இப்போது இழுத்துப் பிழைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் ஒரு பெருமூச்சு வருகிறது. நல்ல பெருமூச்சுதான். தப்பித்தவன் விடுகிற மூச்சு.

முன்பெல்லாம் கதவோ மேசையோ எது வந்தாலும், இரும்புச் சீவுளியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு முன்னால் தள்ளுவேன். போன வருடம் ஒரு மழை நாளில், ஹந்தானை மலையில் எங்கள் வீட்டுக்கு இறங்குகிற சிமெந்துப் படியில் பாசி வழுக்கி, வலது தோள் அடிபட விழுந்தேன். பையில் இருந்த தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் தோளுக்குள்ளே தசைநார் கிழிந்துவிட்டது. சோறு பிசையலாம், சட்டை போடலாம், சண்டைகூடப் போடலாம். எதையாவது முன்னால் தள்ளினால் மட்டும் கண்ணில் பூச்சி பறக்கும். மின்சாரச் சீவுளியும் உதவவில்லை. அதையும் தள்ளத்தானே வேண்டும். அது உதறுகிற உதறலில் தோள் இன்னும் கெட்டது.

நான் வேலை செய்வது கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில். ஜப்பானில் பாவித்துக் கழித்த சாமான்கள் அங்கே கொண்டெய்னரில் வந்து இறங்கும். சைக்கிள், தையல் மெஷின், கோப்பை, கதிரை, அலுமாரி என்று இல்லாத சாமான் இல்லை. கடல் தாண்டி வரும்போது அடிபட்ட மரச்சாமான்களைச் சீவி, பொருத்தி, பொலிஷ் போட்டு நிமிர்த்துவது என் பொறுப்பு. தோள் போன பிறகு முதலாளி என்னை விரட்டவில்லை. மணல் கடதாசியைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைத்தார். ஆனால் சீவ முடியாத தச்சனை எத்தனை காலம்தான் ஒரு கடை வைத்திருக்கும்? அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசாமலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

என் மனைவிக்கு அந்தப் பேசாமடந்தை வேலையெல்லாம் ஒத்துவராது. ஒரு நாள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"தீவாளி வரைக்கும் பாப்போங்க. அதுக்குள்ள கை சரியாகலன்னா நான் குவைத்துக்குப் போறேன். ஏஜென்சிக்கார அக்காகிட்ட சொல்லி வச்சுட்டேன்."

எங்கள் மலையில் இது புதிய பேச்சல்ல. அம்மா என்றால் போன் திரையில் தெரிகிற முகம் என்று வளர்ந்த பிள்ளைகள் எங்கள் வரிசை வீடுகளில் நிறையப் பேர். எங்கள் மகள் அப்போது பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனேன்.

பெரியாஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் ஒரு சிங்களப் பிள்ளை. யன்னல் கம்பியில் ஒரு ரப்பர் பட்டியைக் கட்டி, மறு நுனியை என் கையில் கொடுத்து இழுக்கச் சொல்வார். எத்தனை தரம் இழுத்தாலும் வலிக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். தள்ளுவதுதான் கூடாது, இழுப்பது உங்கள் தோளுக்கு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் இழுங்கள் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். நல்ல வைத்தியம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். இழுக்க மட்டும் தெரிந்த தச்சனுக்கு யார் வேலை தருவார்கள்? தேரிழுக்கத்தான் போகவேண்டும்.

பஸ் மணிக்கூண்டைத் தாண்டும்போதுதான் பொறி தட்டியது. வீட்டுக்குப் போகாமல் இறங்கி, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸைப் பிடித்துக் கடைக்குப் போனேன்.

அந்தக் கொண்டெய்னர்களில் சில சமயம் ஜப்பான்காரருடைய தச்சுச் சாமான்களும் வரும். செங்கல் பருமனில் ஒரு மரக்கட்டை. அதில் சாய்வாக ஓர் இரும்பு அலகு செருகியிருக்கும். பிடியும் கிடையாது, திருகும் கிடையாது. அதுதான் அவர்களுடைய சீவுளி. முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் வழக்கம்போல முன்னால் தள்ளிப் பார்த்தேன். அது பலகையில் தத்தித் தத்தி, முட்டிக்கொண்டு நின்றது. கார் செய்யத் தெரிந்த நாட்டுக்காரனுக்குச் சீவுளி செய்யத் தெரியவில்லையே என்று கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அன்றிலிருந்து அவற்றைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் வைத்திருந்தோம். வெகு காலம் கழித்து ஒரு ஜப்பான்காரர் அதைத் தன் நெஞ்சை நோக்கி இழுத்துச் சீவுவதைப் போனில் பார்த்தேன். அன்றைக்கு அதுவும் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மற்றவை எங்கே போயினவோ, கழிவுப் பெட்டியைக் கிளறியதில் ஒரே ஒரு சீவுளியும் மரம் அறுக்கிற வாள் ஒன்றும் அகப்பட்டன. சீவுளியின் கட்டை உளுத்து, தட்டினால் மாவாகக் கொட்டியது. அலகு செங்கல் நிறத்தில் துருவேறிக் கிடந்தது. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். தச்சனைப் பாஸ் என்று கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

"இதெல்லாம் விக்கிற சாமானா பாஸ்? சும்மா கெடந்தீக்கி. எடுத்துக்கிட்டுப் போங்க. ஒங்கட கை சொகமானா அதுவே எனக்குப் போதும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் வாளைச் சுத்தம் செய்தேன். அதன் பற்கள் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. நம்முடைய வாள் தள்ளும்போது அறுக்கும், இது இழுக்கும்போது அறுக்கிறது. நாவலப்பிட்டியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வாங்கி வைத்திருந்த முதிரை மர நிலைத் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. கல் மாதிரியான மரம். அதில் வாளை வைத்து இழுத்தேன். மெல்லிய தகடு, வளையுமோ ஒடியுமோ என்று பயந்தேன். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. தோளில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாக நான் சீட்டியடித்தேன் என்று மகள் சொன்னாள்.

அந்த முதிரைத் துண்டிலேயே சீவுளிக்குப் புதுக் கட்டை செய்தேன். அலகு நுழைகிற பள்ளத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்கவேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அலகைப் பிடித்துவைக்க ஆணியோ திருகோ இல்லாததால், அலகும் மரமும் ஒன்றையொன்று முழுக்கத் தொட்டு, தாமாகவே இறுக்கிக்கொள்ள வேண்டும். தளர்ந்தால் அலகு நிற்காது. அளவுக்கு மிஞ்சி இறுகினால் மழைக்காலத்தில் மரம் ஊதி, கட்டையே பிளந்துவிடும். எந்த இடம் முட்டுகிறது என்று கண்டுபிடிக்க அலகின் முதுகில் மை தடவிச் செருகி எடுக்கிறார்கள். மரத்தில் மை ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடியும் செருக வேண்டும். வீட்டில் வேறு மை ஏது? மனைவியின் கண்மைதான் இருந்தது. டப்பா காலியான பிறகுதான் அவள் கண்டுபிடித்தாள். சீவுளிக்கு மை தீட்டிப் பொட்டும் வைத்து எங்கே கட்டிக்கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவள் அப்படிக் கேலி பேசிக் கொஞ்ச நாளாகியிருந்தது. கண்மை போனாலும் போகட்டும் என்று இருந்தது எனக்கு.

மீதி இருந்தது அலகுதான். அதில்தான் வினை வந்தது.

இந்த அலகு ஒரே இரும்பல்ல. கனமான மெல்லிரும்பு ஒன்றின்மேல், பாணில் தடவிய பட்டர் கணக்காக, மெல்லிய கடின உருக்கை வைத்துக் காய்ச்சி அடித்து ஒட்டியிருப்பார்கள். வெட்டுவது அந்த உருக்கு. அதைத் தாங்குவது மெல்லிரும்பு. தீட்டித் தீட்டி அலகு தேய்ந்ததும், உருக்குப் பக்கத்தின் விளிம்பைச் சற்று வெளியே தள்ளவேண்டும். அதற்கு மறுபக்கத்து மெல்லிரும்பில் சுத்தியல் முனையால் மெதுமெதுவாகத் தட்டுகிறார்கள். மெல்லிரும்பில் விழுந்தால் அது இளகிக் கொடுக்கும். கை தவறி உருக்கில் விழுந்தால் கண்ணாடி வெடிப்பதுபோல வெடித்துவிடும். அலகு போனால் போனதுதான். அந்தப் பெட்டியில் வேறு அலகு இல்லை.

தண்டவாளத் துண்டு ஒன்றை அடைகல்லாக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று 'டிக்' என்று ஒரு சத்தம். அலகைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். துரு போன இடத்தில், விளிம்புக்குச் சற்று மேலே, மயிரிழை போல ஒரு கோடு. அதுவரை நான் பார்க்காத கோடு.

ஒட்டியிருந்த உருக்கு பிரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அலகை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பட்டறை மேசையின் மூலையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் அது குவைத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி. அந்த நாட்களில் வீட்டில் நான் எரிந்து விழாத ஆள் இல்லை. சாம்பாரில் உப்பு இல்லை, மகளுக்கு மரியாதை இல்லை, பக்கத்து வீட்டு நாய்க்கு அறிவு இல்லை. எனக்குப் பிடித்தமானது உலகத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

இப்படி இருக்கும்போது ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் என் மனைவி இருக்கும்வரை எந்தச் சாமானும் பூசையிலிருந்து தப்ப முடியாது. உளி, வாள், சுத்தியல் மட்டுமல்ல, தையல் மெஷின், காஸ் அடுப்பு, மகளுடைய கணக்குப் புத்தகம், கரண்ட் மீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. நான் பூவும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு டவுனிலிருந்து திரும்பியபோது, சாமி படத்தின் கீழே எல்லாச் சாமானும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நட்ட நடுவில், குத்துவிளக்கின் மேல் சாய்ந்தபடி, என் அலகு. பளபளவென்று நான் தேய்த்து வைத்திருந்த அலகு கறுத்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது. அதன் நெற்றியில் காசளவு சந்தனம் ஈரமாக ஒட்டியிருந்தது.

ஈரம் பட்டால் இந்த உருக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருப்பிடிக்கும். என்ன காரியம் செய்தாய் என்று கத்தினேன்.

"சாமி முன்னாடி சத்தம் போடாதீங்க. எண்ணெப் பிசுக்கோட பூசைக்கு வைக்க முடியுமா? வெளக்கு துலக்கையில அதையும் சேத்து புளி போட்டுத் தேச்சேன். மூணு தடவ தேச்சேன், வெளக்கு மின்னுது, இதுதான் மின்னல."

பித்தளைக்குப் புளி போட்டால் மின்னும். இரும்புக்குப் புளி போட்டால் புளி அதைத் தின்னும். இதை அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. அலகை எடுக்கக் கை நீட்டினேன். அவள் தட்டிவிட்டாள். இன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது, நாளைக் காலையில்தான் எடுக்கலாம் என்றாள். அப்போதுதான் எனக்குள்ளே கட்டிவைத்திருந்தது உடைந்தது.

"தொட்டா என்ன, தொடாட்டி என்ன. அது ஏற்கனவே போச்சு. வெடிப்பு விழுந்திருச்சு. இனி அதால சீவ ஏலாது."

அவள் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு, "அப்ப நான் போறதுன்னே வச்சுக்குவோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பூசை நடந்தது, சுண்டல் கொடுத்தாள், மகள் பாடினாள். எல்லாம் வழக்கம்போல நடந்தன. என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை, பூசையை முடித்துச் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதும், அலகைக் குப்பையில் போடுகிற எண்ணத்தோடுதான் வாசலுக்குக் கொண்டுபோனேன். சந்தனத்தைத் துணியால் துடைத்தேன். மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அலகில் இரண்டு நிறம் தெரிந்தது. மேல் பகுதி ஒரு சாம்பல், விளிம்போரம் வேறொரு சாம்பல். இரண்டும் சேருகிற இடத்தில், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, சேலைக்குக் கரை போட்டதுபோல ஒரே சீரான கோடு. நான் வெடிப்பு என்று நினைத்துச் செத்துப் பிழைத்த மயிரிழை அந்தக் கரையின் ஒரு துண்டு. மெல்லிரும்பும் உருக்கும் ஒட்டிய இடம் அது. துருவும் என் தேய்ப்பும் மறைத்து வைத்திருந்ததைப் புளி கழுவிக் காட்டிவிட்டது. உருக்கும் மெல்லிரும்பும் புளியை ஒரே மாதிரி ஏற்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

உடனே நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. விரல் நகத்தால் கோட்டைத் தடவினேன், நகம் எங்கேயும் இடறவில்லை. உண்மையிலேயே பிளவு இருந்தால் உள்ளே போன புளித்தண்ணீர் இரவெல்லாம் துருவாகக் கசிந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினேன், கோயில் மணி மாதிரி நீளமாகப் பேசியது. அப்படியென்றால் அந்த 'டிக்'? தண்டவாளத் துண்டின்மேல் அலகு இல்லாமலே சுத்தியலால் ஒரு போடு போட்டேன். அதே சத்தம். துண்டின் அடியில் ஒரு சின்னக் கல் கிடந்து ஆடியிருக்கிறது. அந்தக் கல்லை எடுத்து எவ்வளவு தூரம் வீச முடியுமோ அவ்வளவு தூரம் வீசினேன், இடது கையால்.

காலைச் சாப்பாட்டையும் மறந்து தீட்டுக்கல்லோடு உட்கார்ந்தேன். புளியின் கறுப்பு போய், துருவின் புள்ளி போய், உருக்கு முகம் பார்க்கிற அளவுக்கு வந்தது. முன்கை மயிரில் வைத்துப் பார்த்தேன், வழித்துக்கொண்டு போனது. அலகை முதிரைக் கட்டையில் செருகி, தலையில் ஒரு தட்டு. கூடுதலாக இறங்கினால் கட்டையின் பின்புறம் ஒரு தட்டு, பின்வாங்கிவிடும். இவ்வளவுதான் அதன் திருகும் சாவியும்.

எதைச் சீவுவது? எங்கள் குசினிக் கதவு அந்த மழையில் ஊதிப்போய், எத்தனை நாளாகவோ சாத்த முடியாமல் இருந்தது. சாரல் அடுப்புவரை வரும். தச்சன் வீட்டுக் கதவைப் பார் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. அவளைக் கூப்பிட்டேன். பிணைச்சலைக் கழற்றி, இரண்டு பேருமாகக் கதவை இறக்கி, ஓரத்தை மேலே நிமிர்த்தி வைத்தோம். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் நம்பிக்கை ஒன்றும் இல்லை. பிடிக்கச் சொன்னேன், பிடித்தாள்.

சீவுளியைக் கதவின் தூர முனையில் வைத்து, கையை நீட்டி, மெதுவாக என்னை நோக்கி இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். 'ஸ்ஸ்' என்று ஒரே சத்தம். கட்டையின் மேலே சீவல் நாடாவாகக் கிளம்பி, அறுபடாமல் என் கூடவே வந்தது. முனைக்கு வந்து நின்றேன். தோளில் வலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுபடியும் இழுத்தேன். வரவில்லை. எனக்குள் எத்தனையோ மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அந்தச் சீவலோடு சேர்ந்து கழன்று விழுந்தது. சந்தோஷம் என்றுகூடச் சொல்லமாட்டேன். அப்பாடா என்று இருந்தது. உட்காரவேண்டும் போல இருந்தது. ஆனால் நிறுத்த மனம் வரவில்லை. கதவு அளவுக்கு வந்த பிறகும் இன்னும் ஓர் இழுப்பு இழுக்கப் போனவனை, கதவே இல்லாமல் ஆக்கிவிடாதீர்கள் என்று அவள்தான் நிறுத்தினாள்.

கதவை மாட்டினோம். அவள் சாத்தினாள். 'டப்' என்று போய் நிலையில் உட்கார்ந்தது. திறந்தாள், மறுபடியும் சாத்தினாள். உள்ளே ஒரு தரம், வெளியே ஒரு தரம். குசினிக்குள் போய்ப் போனை எடுத்தாள். கதவு சாத்தியிருந்தாலும் அவள் குரல் எங்கே கேட்காமல் போகும்?

"அக்கா, நான் வரல. வேற ஆளப் பாத்துக்குங்க."

ஏஜென்சிக்கார அக்கா ஏன் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். இவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லக்கா, எங்க குசினிக் கதவு இப்பத்தான் நல்லா சாத்துது."

அந்த அக்காவுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. இவள் "ஆமாக்கா, கதவுதான்" என்று இன்னொரு தரம் சொல்லி, போனை வைத்துவிட்டு அரிசி களையத் தொடங்கினாள். நான் வாசலில் கிடந்த சீவல்களைக் கூட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டு அழுதேன்.